எங்கள் தொகுதியில் நிற்கிறவர் யார்? செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு 2019இல் ஓய்வு பெற்றவள் நான். அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் தேர்தல் வேலையும் சேர்த்துத்தான். 1989 சட்டமன்றத் தேர்தலில் விரலில் மை வைக்கிற மேசையில் உட்கார ஆரம்பித்தேன். 2019 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்து, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தில் கையெழுத்துப் போட்டு, இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது விடியற்காலை இரண்டரை மணி. அந்த வருடங்களில் தேர்தல் சமயத்தில் டிவியில் என்ன ஓடுகிறது என்றே எனக்குத் தெரியாது. பயிற்சி வகுப்பு, சாக்குமூட்டை, அரக்கு, நூல் என்று ஓடிக்கொண்டிருப்போம். ஓய்வு பெற்ற பிறகு, 2021இலும் 2024இலும்தான் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்சிகள் நடத்துகிற சேனல்களுக்கு இந்த மடல் இல்லை. அவர்களிடம் ஒரு நேர்மை உண்டு, லோகோவைப் பார்த்தாலே என்ன வரும் என்று தெரிந்துவிடும். எங்கள் தெருவில் இதில் கெட்டிக்காரர்கள் அதிகம். அந்தப் பக்கத்துச் செய்தியை ஒரு சேனலிலும் இந்தப் பக்கத்துச் செய்தியை இன்னொரு சேனலிலும் கேட்டு, இரண்டிலும் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவார்கள். நான் எழுதுவது, நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று சொல்லிக்கொள்கிற உங்களுக்கு.

2024 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஆசிரியை புத்தி, போகாது. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மூன்று சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்து, வந்ததை எல்லாம் குறித்தேன். ஒரு தலைவர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கினார். இன்னொருவர் டீக்கடையில் டீ குடித்தார். ஒரு வேட்பாளர் பரோட்டாவுக்கு மாவு வீசினார், ஒருவர் இஸ்திரி போட்டார், ஒருவர் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டினார். ஒரு தலைவர் இன்னொருவரை ஏதோ சொல்லிவிட்டார், அவர் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டார். இந்தக் கடைசிச் செய்தி மட்டும் மூன்று மணி நேரமும் திரும்பத் திரும்ப வந்தது. என் தொகுதியான நாகப்பட்டினத்தின் பெயர் ஒருமுறை வந்தது. என்னவென்று நிமிர்ந்து பார்த்தேன். வானிலை.

அந்த வருடம் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் பயிர் கருகியது. வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய அணையை அக்டோபரிலேயே அடைத்துவிட்டார்கள், சம்பாவும் தள்ளாடியது. ஆறு மாதம் கழித்துத் தேர்தல். காவிரி இரண்டு மாநில விவகாரம், ஒன்றிய அரசின் கையில் ஆணையம் இருக்கிறது. ஆகவே நாடாளுமன்றத்துக்குப் போகிறவரிடம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. எங்கள் தொகுதியில் நின்ற முக்கியமான நான்கு வேட்பாளர்களும் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எந்தச் சேனலிலும் எனக்குத் தெரியவில்லை. நான்கு பேரில் இருவருடைய முகத்தையே வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டியிருந்த படத்தில்தான் முதலில் பார்த்தேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது எங்கள் பகுதியில் நிருபராக இருக்கிறான். சேனல் பெயர் வேண்டாம், அவன் பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது, செய்தி ஒளிபரப்பானால் அதற்குத் தனிக் காசு. மைக்கும் பைக் பெட்ரோலும் அவன் செலவு. கடைத்தெருவில் பார்த்தபோது, "ஏன்டா, நம்ம தொகுதி வேட்பாளர்களைப் பற்றி ஒன்றுமே போடமாட்டேன் என்கிறீர்களே" என்று கேட்டேன்.

"நான் அனுப்பினேன் டீச்சர்" என்றான்.

உண்மையிலேயே அனுப்பியிருக்கிறான். நாலு பேரும் என்ன படித்திருக்கிறார்கள், என்ன தொழில், எந்தெந்த வழக்கு, இதற்கு முன் எங்கே நின்றார்கள் என்று மூன்று நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு. சென்னையிலிருந்து போன் வந்திருக்கிறது. "விஷுவல் எங்கப்பா? பேப்பரையா காட்டுறது? வேட்பாளர் யாராவது வயல்ல இறங்கி நாற்று நட்டா சொல்லு, லைவ் போட்டுடலாம்."

ஏப்ரல் மாதம் எங்கள் ஊரில் ஏது நாற்று? உளுந்தும் பயறும் எடுத்துவிட்டு வயல் வெடித்துக் கிடக்கும். ஆனால் பாருங்கள், ஒரு வேட்பாளர் எங்கேயோ பம்புசெட் இருக்கிற ஒரு வயலைத் தேடிப் பிடித்து வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். பையன் ஓடிப்போய் எடுத்தான். அது ஒளிபரப்பானது, அவனுக்குக் காசும் வந்தது. நட்ட நாற்று எந்தப் பட்டத்துக்கு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதை நான் அந்த நிருபரைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் நிருபர்களுக்கு ஊர் தெரியும். எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனைந்தது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று யாருடைய வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தவன் சொல்வதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அதுதான் கோளாறு. ஸ்டுடியோவில் நான்கு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசவிடுவது ஒரு காமிராமேனைத் திருத்துறைப்பூண்டிக்கு அனுப்புவதைவிட மலிவு என்பது எனக்கும் புரிகிறது. அந்த நான்கு பேரும் தினமும் அதே நான்கு பேர் என்பதும் புரிகிறது. ஒருவர் பேசும்போது மூவர் பேசுவார்கள். என் வகுப்பில் இப்படி நடந்திருந்தால் நாலு பேரையும் வெளியே நிறுத்தியிருப்பேன், நெறியாளரையும் சேர்த்து.

2024 தேர்தலில் என் தம்பி மகன் லேப்டாப்புடன் ஊருக்கு வந்திருந்தான். "அத்தை, இந்த வேட்பாளர்கள் எல்லாம் சொத்துக்கணக்கு கொடுத்திருப்பார்களே, பார்ப்போமா" என்றான். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் 26ஆம் எண் படிவம் என்று போட்டிருந்தார்கள். வேட்புமனுவோடு சேர்த்துக் கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரம். கையில் ரொக்கம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு, நகை எத்தனை கிராம், நிலம் எந்தச் சர்வே எண்ணில், மனைவி பேரில் என்ன, கடன் யாரிடம், அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பாக்கி உண்டா, ஐந்து வருடமாக வருமான வரிக் கணக்கில் எவ்வளவு காட்டினார், நிலுவையில் என்னென்ன வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இந்த விவரங்களை நாம் பார்க்க முடிகிறது.

நாலு பேருடையதையும் இறக்கிப் படித்து முடிக்க எங்களுக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. சில பக்கங்கள் மங்கலான ஸ்கேன், சில பக்கங்களில் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. படித்து முடித்தபோது எங்களுக்கு ஓரளவு ஆட்கள் பிடிபட்டார்கள். யார் உண்மையிலேயே விவசாயம் பார்க்கிறவர், யார் விவசாயி என்று எழுதிவிட்டு வேறு எதையோ பார்க்கிறவர், யாருக்குச் சாலை மறியல் வழக்கு, யாருக்கு வேறு மாதிரி வழக்கு என்று தெரிந்தது. போராட்டத்தில் உட்கார்ந்ததற்கு விழுந்த வழக்கையும் அடிதடி வழக்கையும் ஒரே எண்ணாகக் கூட்டி 'இத்தனை வழக்குகள்' என்று கீழே ஓடவிடுகிறீர்களே, அது எவ்வளவு பெரிய தப்பு என்றும் அன்றைக்குத்தான் உறைத்தது.

வழக்கு உள்ள வேட்பாளர்கள் அதை மூன்று முறை பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரம் செய்யவேண்டும் என்று ஒரு விதி 2018இலிருந்து இருக்கிறது. உங்கள் சேனல் ஒன்றில் அதை ஒருமுறை பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக்கூடாது, மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் போய்விட்டது.

நம் தமிழ்நாட்டில் தேர்தல் எவ்வளவு பழையது என்று காட்ட, தேர்தல் தவறாமல் உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் காட்டுகிறீர்கள். பின்னணியில் நாதஸ்வரம் வேறு. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறை, எல்லாம் சரி. அந்தக் கல்வெட்டில் எப்படிச் சீட்டு எடுப்பது என்பதைவிட, யாருடைய பெயரைக் குடத்தில் போடலாம், யாருடையதைப் போடக்கூடாது என்பதற்குத்தான் அதிக வரிகள் இருக்கின்றன. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் வரக்கூடாது, அவன் உறவினர் பெயரும் வரக்கூடாது. நிலம் உள்ள ஆண்களுக்கு மட்டுமான ஏற்பாடு அது, என்னை மாதிரி ஒருத்தியை அந்த மண்டபத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் நிற்கிறவன் யார் என்று பார்க்கவேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று கூட்டமாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். தேர்தல் வேலைக்குப் போகிற எங்களுக்கெல்லாம் அது அப்போது வயிற்றைக் கலக்கிய செய்தி, அந்தப் புத்தகத்தை மடித்துப் பெட்டிக்குள் எப்படிப் போடுவது என்று! இன்றும் அதை 'சுவாரசியத் தகவல்' என்று ஒவ்வொரு தேர்தலிலும் போடுகிறீர்கள். உலகத்திலேயே அதிக வேட்பாளர்கள், புத்தகம் போல வாக்குச்சீட்டு, அடேயப்பா. அவர்கள் எதற்காக நின்றார்கள் என்று அதே துணுக்கில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

2024இலும் அதுதான் நடந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று 2022இலிருந்து போராடிக்கொண்டிருந்த ஏகனாபுரத்து மக்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்க மறுத்தார்கள். வாக்குப்பதிவு நாளன்று அந்த ஊர்ச் சாவடியைக் காட்டினீர்கள். காலி வராந்தா, காலி நாற்காலி, 'வெறிச்சோடிய வாக்குச்சாவடி.' அப்புறம் யாரோ ஒரு நடிகர் வாக்களிக்க வந்துவிட்டார்.

நடிகர்கள் வாக்களிப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 2021 ஏப்ரல் 6. நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் வந்து வாக்களித்தார். இப்போது அவர் ஒரு கட்சித் தலைவர், அன்றைக்கு நடிகர் மட்டும்தான். காலையிலிருந்து ராத்திரி வரை அந்தச் சைக்கிள் ஓடியது. சைக்கிளின் நிறம் என்ன, அதற்கு என்ன அர்த்தம், பெட்ரோல் விலைக்காகவா, வீட்டுக்குப் பக்கம் என்பதாலா? சரி, பார்க்க எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த இளைய ஆசிரியை ஒருத்தி அன்றைக்குக் கீவளூர்ப் பக்கம் ஒரு சாவடியில் இருந்தாள். கொரோனா காலம். ஏழு மணி வரை வாக்குப்பதிவு, கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்கு. அந்த நேரத்துக்குச் சாவடி அலுவலர்களுக்குப் பாதுகாப்பு உடை கொடுத்திருந்தார்கள். பங்குனி வெயில் அடங்காத சாயங்காலம், கரண்ட் போய்விட்ட பள்ளிக்கூட அறை, தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக். உள்ளே வேர்வை காலில் தேங்கியது என்றாள். அதற்கு முந்தின ராத்திரி அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிவறைச் சாவியே கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டு, குளிக்க வெந்நீரும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த நாட்டில் ஒவ்வொரு தேர்தலும் இப்படி யாரோ ஒரு பக்கத்து வீட்டு அம்மா புண்ணியத்தில்தான் நடக்கிறது. முப்பது வருடத்தில் எனக்கு மட்டும் அப்படி எத்தனையோ அம்மாக்கள். ஒரு சேனல் வண்டிகூட முந்தின ராத்திரி எந்தச் சாவடிக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

கருத்துக்கணிப்புக்கு வருகிறேன். இதற்குத்தான் நீங்கள் மற்ற எல்லாவற்றையும் பலி கொடுக்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

2016 மே 16ஆம் தேதி சாயங்காலம் வந்த வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. ஆட்சிக்கு வருகிறது என்றன. மூன்று நாள் யார் அமைச்சர், யாருக்கு எந்தத் துறை என்றுகூடப் பேசினார்கள். 19ஆம் தேதி அ.தி.மு.க. 134 இடம் பிடித்தது. 1984க்குப் பிறகு ஆளுங்கட்சி திரும்ப ஜெயித்தது அதுதான் முதல்முறை. 2024இல் பெரிய கணிப்புகளில் பெரும்பாலானவை பா.ஜ.க. கூட்டணி 350ஐத் தாண்டும் என்றன, 400ஐத் தொடும் என்றவர்களும் உண்டு. வந்தது 293. பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்குச் சில இடங்கள் நிச்சயம் என்று எத்தனையோ பட்டியல் போட்டீர்கள். 39இல் ஒன்றுகூட இல்லை. கணிப்பு நிறுவனத் தலைவர் ஒருவர் நேரலையில் கண்ணீர் விட்டார், அதையும் எடுத்து நாள் முழுக்க ஓட்டினீர்கள்.

கணிப்பு தப்பாகலாம், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் ஜோசியரும் தப்பாகச் சொல்வார். சரியாகவே இருந்தாலும் அது எனக்கு எதற்கு? சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் அதை ஒளிபரப்பவே அனுமதி, அதற்குள் கடைசிக் கட்டத்து ஆளும் வாக்கைப் போட்டு முடித்திருப்பார். 2024இல் நாங்கள் ஏப்ரல் 19ஆம் தேதி வாக்களித்தோம். ஜூன் 4 வரை எங்கள் இயந்திரங்கள் பூட்டிக் கிடந்தன. அந்த ஒன்றரை மாதமும் நீங்கள் பேசியது யார் ஜெயிப்பார் என்று. அதற்கு முந்தின ஒரு மாதமும் யார் ஜெயிப்பார் என்றுதான். யார் ஜெயிப்பார் என்பதை முடிவு செய்கிற வேலை எங்களுடையது, ஐயா. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த வேலைக்கு என்ன தெரியவேண்டுமோ அதைச் சொல்வதுதான் உங்கள் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாக்கு எண்ணுகிற நாளைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. ஆனாலும் ஒன்று. நான் எண்ணும் மேசையிலும் உட்கார்ந்தவள். எட்டு மணிக்குத் தபால் வாக்குகளைப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். உறையைக் கிழித்து, உள்ளே உள்ள உறுதிமொழியைச் சரிபார்த்து, அப்புறம்தான் சீட்டு. எட்டரைக்கு இயந்திரங்கள் மேசைக்கு வரும். பொதுவாக ஒரு சுற்றுக்கு 14 மேசை. ஒரு சுற்று முடிந்து, முகவர்கள் குறித்துக்கொண்டு, பார்வையாளர் பார்த்து, தேர்தல் அதிகாரி கையெழுத்திட்டு அறிவிப்பதற்கு நேரம் எடுக்கும். உங்கள் திரையில் எட்டு ஐந்துக்கே முன்னிலை வந்துவிடுகிறது! ஒரு சேனலில் ஒரு கட்சிக்கு முப்பது, அடுத்த சேனலில் அதே கட்சிக்குப் பதினெட்டு. உறையே கிழியாத நேரத்தில் எங்கிருந்து வந்தன இந்த முன்னிலைகள்? என் கணவர் இருந்தவரை இந்த எண்களைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும் இறங்கும்.

அந்தத் தபால் வாக்குகளை நீங்கள் இயந்திரம் வரும்வரை நேரம் கடத்துகிற சமாச்சாரமாக நடத்துகிறீர்கள். அதில் பெரும்பகுதி தேர்தல் வேலை பார்த்த எங்களுடையது. 2016இல் இராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிவு அறிவித்தார்கள். 203 தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். உறுதிமொழியில் சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் தகராறு. வழக்கு நடந்து, 2019இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. ஐந்து வருடம் ஒரு தொகுதிக்கு யார் உண்மையில் ஜெயித்தார் என்றே தெளிவாகாமல் போயிற்று. ஒரு தலைமை ஆசிரியரின் பச்சை மை கையெழுத்து ஒரு தொகுதியையே நிறுத்தி வைக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கதையை ஒரு மணி நேரம் சொல்லலாம், சினிமா மாதிரி இருக்கும். நீங்கள் சொன்னது, 'இராதாபுரம் தொகுதி: பரபரப்புத் தீர்ப்பு.'

பரபரப்பு என்றதும் திருப்பூர் ஞாபகம் வருகிறது. அதே 2016 மே, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய். வங்கிப் பணம் என்று பாரத ஸ்டேட் வங்கி சொன்னது. இரண்டு நாள் அந்த லாரிகளை முன்னால் பின்னால் மேலே என்று எல்லாக் கோணத்திலும் காட்டினீர்கள். தேர்தல் வந்தது, முடிவு வந்தது, லாரி போய்விட்டது. ஊரில் இன்றும் டீக்கடையில் அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நீங்கள் பின்தொடர்ந்து போய், வழக்கு என்ன ஆயிற்று, இது வங்கிப் பணம்தான், இல்லை, இன்ன சந்தேகம் மிச்சம் என்று ஒரு அரை மணி நேரம் போட்டிருந்தால் அத்தனை கதைகளுக்கு வேலை இருந்திருக்காது. அதே தேர்தலில் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவையே நிறுத்தினார்கள். நவம்பரில் மறுபடி நடந்தபோது பெரிய கட்சிகள் இரண்டும் அதே ஆட்களைத்தான் நிறுத்தின. அதைப் பற்றி அந்த வேட்பாளர்களிடமோ அவர்களை நிறுத்தியவர்களிடமோ நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டவர் யாராவது உண்டா? நான் பார்க்கவில்லை.

2021 தேர்தல் அறிக்கைகளும் அப்படித்தான். தி.மு.க. அறிக்கையில் 505 வாக்குறுதிகள். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு பக்கம் சொன்னதும், மறுநாளே மறுபக்கம் ஆயிரத்து ஐந்நூறு என்றது. உங்கள் விவாதங்கள் எதைப் பற்றி? யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று. பரீட்சை ஹாலில் நான் பார்க்கிற வேலையை நீங்கள் பார்த்தீர்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் இடைக்கால நிதிநிலை அறிக்கையில், அடுத்த வருட முடிவில் மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடியாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணையும் இந்த ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது எப்படி முடியும் என்று இரண்டு பக்கத்தையும் கேட்டிருக்கலாம். ஆயிரம் ரூபாய் எனக்குப் பிடிக்காத விஷயம் இல்லை. எங்கள் தெருவில் அதை வாங்குகிறவர்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்பது அவர்களுக்காகவும்தான்.

டி.ஆர்.பி. எனும் தரப்புள்ளி என்று ஒன்று இருப்பதால்தான் இதெல்லாம் என்று அந்த நிருபர் பையன் சொன்னான். எங்கேயோ சில பத்தாயிரம் வீடுகளில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்களாம், அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதை வைத்துத்தான் விளம்பரமாம். 2020 அக்டோபரில் அதிலேயே தில்லுமுல்லு என்று வழக்காகி, ஏறக்குறைய ஒன்றரை வருடம் செய்திச் சேனல்களுக்கு அந்தப் புள்ளியே வெளியிடவில்லை என்பது எனக்கும் நினைவிருக்கிறது. 2021 தேர்தல் நடந்தது சரியாக அந்த இடைவெளியில். புள்ளியே வராத அந்தத் தேர்தலிலும் சைக்கிள்தான் ஓடியது. ஆகவே மீட்டரை மட்டும் கைகாட்டாதீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வேட்புமனு பரிசீலனை முடிந்த நாளிலிருந்து வாக்குப்பதிவு வரை ஒரு நாளைக்கு மூன்று தொகுதி என்று எடுத்தால்கூட 39 தொகுதியும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். சட்டமன்றம் என்றால் 234, கஷ்டம்தான், மாவட்ட நிருபர்களிடம் பிரித்துக் கொடுங்கள். ஒரு தொகுதிக்கு ஐந்து நிமிடம். யார் நிற்கிறார், இதற்கு முன்னால் என்ன செய்தார், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறார், ஊருக்கு என்ன பிரச்சினை, அதைக் கேட்டால் என்ன பதில் சொல்கிறார். விஷுவல் வேண்டுமென்றால் வாய்க்காலைக் காட்டுங்கள். தூர்ந்த வாய்க்கால் அழகாகவே இருக்கும், ஆகாயத்தாமரை ஊதாநிறத்தில் பூத்துக் கிடக்கும்.

அந்த மத்தியானம் தம்பி மகனும் நானும் எடுத்த குறிப்பு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. நான்கு பேருக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, சந்தேகமுள்ள இடத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்கு அது சுற்றி வந்தது, ஓரத்தில் யார் வீட்டுக் குழம்போ பட்டிருக்கிறது. அடுத்த தேர்தலுக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது உபயோகப்படும் என்றால் சொல்லுங்கள், பழைய நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி,
நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி